நெசவாளர் கொண்டுபோன கோப்பை

அந்நிய வஸ்திர பகிஷ்காரம் நடந்த நாட்களில் நம் தேசத்து நாற்சந்திகளில் குவித்துக் கொளுத்தப்பட்ட வேஷ்டிகளின் பூர்வோத்தரத்தை யாராவது நின்று விசாரித்திருந்தால், அவற்றில் ஒரு பங்காவது இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் ஜில்லாவில் பிளாக்பர்ன் என்னும் ஊரில் நெய்யப்பட்டது என்பது தெரிந்திருக்கும். வேஷ்டி என்பதை ஆயுளில் ஒருநாளும் இடுப்பில் சுற்றியறியாத அந்த ஊர் ஜனங்கள் வேஷ்டி நெய்தே மூன்று தலைமுறை பிழைத்தார்கள். காந்தியடிகள் 1931-ஆம் வருஷம் லங்காஷயருக்குப் போனபோது பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வெனில் தங்கி, பகிஷ்காரத்தினால் தறி நின்றுபோன தொழிலாளர்களை நேரில் கண்டு பேசியதை நம்மில் பலர் படித்திருப்போம். நான் இங்கே சொல்ல வந்தது துணியைப் பற்றியல்ல; அந்தத் துணியை நெய்த கைகளுக்கு உடையவர்கள், காந்தியடிகள் அங்கே போவதற்கு ஏறத்தாழ ஐம்பது வருஷங்களுக்கு முன்னால், 1883-ஆம் வருஷம் மார்ச் மாதம் 31-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் தங்கள் கால்களால் செய்த காரியத்தைப் பற்றி.

கால்பந்தாட்டத்தை இன்று காண்பவர்களுக்கு அது ஆதியிலிருந்தே ஏழை ஜனங்களின் ஆட்டம் என்று தோன்றக்கூடும். சந்துகளிலும் தரிசு நிலங்களிலும் செருப்பில்லாத பிள்ளைகள் உதைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு வேறு எந்தப் பூர்வீகத்தைக் கற்பிப்பது? பாமரர் பந்தை உதைத்தது பழைய காலத்து வழக்கந்தான் என்றாலும், அந்த ஆட்டத்துக்குச் சட்டம் எழுதி அதைச் சங்கமாகவும் பந்தயமாகவும் ஆக்கியவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள். ஈட்டன், ஹாரோ, சார்ட்டர்ஹவுஸ் முதலிய பள்ளிகளில் ஆளுக்கொரு விதியாக ஆடிக் கொண்டிருந்தவர்களின் பேதங்களைத் தீர்த்து ஒரே விதியை ஏற்படுத்தும் நோக்கத்தோடு 1863-இல் லண்டனில் ஒரு விடுதியில் கூடிய கனவான்கள் ஸ்தாபித்ததே கால்பந்துச் சங்கம். அச்சங்கத்தின் காரியதரிசியாக வந்த சார்ல்ஸ் ஆல்காக் என்பவர் ஹாரோ பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியில் விடுதிக்கு விடுதி போட்டி வைத்துத் தோற்றவர்களை விலக்கி, கடைசியில் ஜயித்த விடுதியைத் தலைமை விடுதியாகக் கொண்டாடுகிற சம்பிரதாயம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. அதையே தேசத்துக்கெல்லாம் விஸ்தரிக்கலாம் என்று 1871-ஆம் வருஷம் ஜூலை 20-ஆம் தேதி ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் காரியாலயத்தில் கூடிய கூட்டத்தில் அவர் கொண்டுவந்த பிரேரணைதான் சங்கக் கோப்பைப் போட்டியின் பிறப்பு. சுமார் 20 பவுன் செலவில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்வித்தார்கள். அது சிறியதாயிருந்தபடியால் ஜனங்கள் அதைத் தகர விக்கிரகம் என்று செல்லமாகப் பரிகசித்தார்கள்.

முதல் வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுத்தவை 15 கட்சிகள். 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதிப் பந்தயத்தைக் காண வந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அன்று ஜயித்த வாண்டரர்ஸ் கட்சியின் ஒரே கோலை அடித்தவர் தம் சொந்தப் பெயரைக் கொடுக்காமல் புனைபெயரில் ஆடினார் என்பதிலிருந்தே அந்தக் காலத்துப் பந்தயத்தின் தோரணை விளங்கும். கனவான்கள் தமக்குள் ஆடிய விளையாட்டில் பெயரும் ஒரு விளையாட்டுத்தான். அதிலிருந்து 1882 வரையில் பதினொரு கோப்பைகளையும் கொண்டுபோனவர்கள் யார் என்று பார்த்தால், வாண்டரர்ஸ் ஐந்து முறை, ஈட்டன் பழைய மாணவர்களான ஓல்டு ஈட்டோனியன்ஸ் இரண்டு முறை, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையும், ராணுவ எஞ்சினீயர்களும், கிளாபம் ரோவர்ஸும், சார்ட்டர்ஹவுஸ் பழைய மாணவர்களும் ஒவ்வொரு முறை. அத்தனையும் தென்னாட்டுக் கட்சிகள். வயிற்றுப் பாட்டுக்காகத் தறியையோ சுத்தியலையோ தொட்டவர் ஒருவரும் அவற்றில் இல்லை.

இதற்குக் காரணம் கால்களின் சாமர்த்தியத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. விளையாடுவதற்கு முதலில் வேண்டியது ஓய்வு. திங்கள் முதல் சனி மாலை வரை ஆலையில் நின்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அந்த ஞாயிறும் ஆலயத்துக்கு உரியது, அன்று மைதானத்தில் பந்தை உதைப்பதை அக்காலத்து ஆங்கில சமூகம் பொறுத்துக்கொள்ளாது. நெசவாலைகள் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிறகு ஓடக்கூடாது என்று 1850-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தபோது, அதை இயற்றியவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் உத்தேசித்தே அதை இயற்றினார்கள். ஆனால் பெண்களும் பிள்ளைகளும் வெளியே போய்விட்டால் ஆலை ஓடாதாகையால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. வாரத்தில் ஓர் அரைநாள்! பிறவியிலேயே ஆயுள் முழுவதும் ஓய்வைப் பெற்றவர்களோடு இந்த அரைநாளை முதலாக வைத்துக்கொண்டு ஆலைக்காரர்கள் போட்டிக்கு இறங்கினார்கள்.

பிளாக்பர்ன் பழைய நெசவூர். நூற்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் அந்தச் சுற்று வட்டாரத்துக்காரர். பிழைப்புக்கு மோசம் வந்துவிட்டதென்று அவருடைய யந்திரங்களை அடித்து நொறுக்கியவர்களும் அதே சுற்று வட்டாரத்துக்காரர்களே. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் பஞ்சு வருவது நின்று தறிகள் மௌனமான காலத்தில் அந்த ஊர் பட்ட பசியை முதியவர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நெசவாளி நான்கு தறிகளை ஏககாலத்தில் கவனிப்பது அங்கே சாதாரணம். நாடாவில் நூல் தீர்ந்தால் புதிய கண்டை வைத்து, அதன் சிறு துவாரத்தில் வாயை வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுத்து, மறுபடி தறியில் போட்டுவிட்டு அடுத்த தறிக்கு ஓடவேண்டும். இதை நாள் முழுவதும் செய்யவேண்டும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூடத்தில் இடிக்கிற இடியில் காதால் கேட்டுப் பேசுவது ஆகாத காரியமாகையால், உதட்டசைவைப் பார்த்தே அர்த்தம் செய்துகொள்ளும் ஒரு பாஷையை அவர்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்த ஊர்க் கட்சி மைதானத்தில் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து பந்தைக் கொடுத்து வாங்கி ஆடிய விதத்தை வாசிக்கும்போது, அது தறிக்கூடத்துப் பழக்கமோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. இதற்குப் பிரமாணம் எதுவும் இல்லை, ஆசையினால் சொல்வதுதான்.

அந்த ஊரில் முதலில் தலையெடுத்த கட்சி 1875-இல் ஏற்பட்ட பிளாக்பர்ன் ரோவர்ஸ். அது உள்ளூர்ப் பெரிய பள்ளியில் படித்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடி ஆரம்பித்தது. மூன்று வருஷம் கழித்து, 1878 பிப்ரவரியில், பிளாக் ஸ்டார், ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்ற இரண்டு சிறு கட்சிகள் ஒன்றுசேர்ந்து இன்னொரு கட்சியாயின. கிரேக்க தேசத்தில் ஒலிம்பியா என்னும் புராதன க்ஷேத்திரத்தைத் தோண்டி எடுக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையில் அதைப் படித்துப் பரவசப்பட்ட பொக்கிஷதார், புதிய கட்சிக்கு ஒலிம்பிக் என்று பெயர் வைக்கலாம் என்றாராம். பெயர் கிரேக்க தேவர்களுடையது. மைதானமோ குன்றின் மேல் ஒரு சாராயக் கடையை ஒட்டிய நிலம். கடையின் பெயர் சுவரிலே துவாரம் என்று பொருள்படுவது, மைதானத்துக்கும் அதே பெயர்தான் வழங்கியது. அந்த வருஷம் நெசவாலை முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்ததை எதிர்த்து வேலை நிறுத்தம் மூண்டு, முதலாளிகள் சங்கத் தலைவரான கர்னல் ஜாக்சன் என்பவரின் மாளிகையை மே மாதத்தில் ஜனங்கள் தீயிட்டுக் கொளுத்தினார்கள். ஒலிம்பிக் கட்சி பிறந்த ஊரின் நிலவரம் அது.

லண்டன் கனவான்களை முதலில் திடுக்கிட வைத்தவர்கள் பிளாக்பர்ன்காரர்கள் அல்லர், அண்டை ஊரான டார்வென்காரர்கள். 1879-இல் ஓவல் மைதானத்தில் ஈட்டன் கட்சியோடு ஆடிய அவர்கள், ஒன்றுக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்து, கடைசிக் கால்மணி நேரத்தில் நான்கு கோல் போட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். மேலும் அரைமணி ஆடிப் பார்த்துவிடுவோம் என்றார்கள் டார்வென்காரர், ஈட்டன்காரர் மறுத்துவிட்டார்கள். மறு ஆட்டத்துக்கு மறுபடி லண்டனுக்கு வரவேண்டும், அதுவும் சமமானால் மறுபடியும். போட்டியின் விதிப்படி அந்தக் கட்டத்தில் எல்லா ஆட்டங்களும் லண்டனில்தான். ரயில் கட்டணத்துக்கு ஊரில் தெருத்தெருவாக வசூல் செய்து 175 பவுன் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டாவது ஆட்டமும் சமமாயிற்று. மூன்றாவதில் களைத்துப்போன டார்வென்காரர் இரண்டுக்கு ஆறாகத் தோற்றார்கள். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்தவனுக்கும், வண்டியில் பத்து நிமிஷத்தில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தவனுக்கும் நடந்த பந்தயத்தைச் சரிசமமான பந்தயம் என்று சொல்வது விதிப்புத்தகத்துக்குத்தான் பொருந்தும்.

அடுத்தாற்போல் 1882-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் இறுதிப் பந்தயம் வரைக்கும் வந்தது. முப்பத்தைந்து ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோற்காமல் வந்த கட்சி, ஒரே ஒரு கோலில் ஈட்டோனியன்ஸிடம் தோற்றது. ஜயித்த ஈட்டன் கட்சியின் தலைவர் ஆர்தர் கின்னெயர்டு, சந்தோஷம் தாங்காமல் ஜனக்கூட்டத்துக்கு எதிரில் தலைகீழாக நின்று காட்டினார். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஸ்காட்லாந்துப் பிரபு வம்சத்தில் பிறந்தவர், தொழில் வங்கி நடத்துவது. மார்பில் படியும் செம்பட்டைத் தாடியும், நீண்ட வெள்ளைக் கால்சட்டையும், தலையில் குல்லாயுமாகக் களத்தில் இறங்கினால் எதிரியின் முழங்காலைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. இந்த மனுஷர் ஒருநாள் கால் முறிந்து வீட்டுக்கு வரப்போகிறார் என்று அவர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் கவலைப்பட, வந்தால் அது அவருடைய காலாக இராது என்று சிநேகிதர் ஒருவர் ஆறுதல் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஒன்பது இறுதிப் பந்தயங்களில் ஆடி ஐந்தில் கோப்பை பெற்றவர் அவர். அவருடைய தாயார் பெயரால்தான் லாகூரில் கின்னெயர்டு பெண்கள் கல்லூரி வழங்குகிறது. குமாரருடைய பெயரை நம் பக்கத்தில் அறிந்தவர் குறைவு.

ரோவர்ஸ் தோற்ற மறு வருஷம், யாரும் எதிர்பாராதபடி, அதே ஊரின் இளைய கட்சியான ஒலிம்பிக் படிப்படியாக மேலே வந்தது. லோயர் டார்வெனை ஒன்றுக்கு எட்டாகவும், டார்வென் ராம்ப்ளர்ஸைப் பூஜ்யத்துக்கு எட்டாகவும் வீழ்த்திவிட்டு, அரை இறுதியில் மாஞ்செஸ்டர் மைதானத்தில் சார்ட்டர்ஹவுஸ் பழைய மாணவர்களை நான்கு கோல்களில் தோற்கடித்தது. இந்த நான்குக்குப் பதில் ஒன்றும் இல்லை. தோற்ற சார்ட்டர்ஹவுஸ் கட்சியோ இரண்டு வருஷத்துக்கு முன் கோப்பை வாங்கியது.

இந்த மாறுதலுக்குக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் ஜாக் ஹன்டர். ஷெபீல்டு நகரத்துக்காரர், இங்கிலாந்துக்காகவே ஆடியவர், 1882-இல் பிளாக்பர்னுக்குக் குடிவந்து சாராயக் கடை ஒன்றை நடத்திக்கொண்டு ஒலிம்பிக் கட்சிக்கு ஆட்டக்காரராகவும் ஆசானாகவும் அமைந்தார். சாராயக் கடை எப்படிக் கிடைத்தது என்று தெற்கத்தியார் சந்தேகத்தோடு கேட்டார்கள். பணம் வாங்கி ஆடுவது சங்க விதிக்கு விரோதமாயிருந்த அந்தக் காலத்தில், நல்ல ஆட்டக்காரனுக்குக் கடையோ உத்தியோகமோ அமைத்துக் கொடுத்து ஊரில் நிறுத்தி வைப்பது வடக்கே பழகிப்போன யுக்தி. மற்றவர் சிட்னி யேட்ஸ் என்னும் இரும்பு வார்ப்படசாலை முதலாளி. அவர் கொடுத்த பணத்தில், இறுதிப் பந்தயத்துக்கு முன் கட்சி முழுவதையும் ஹன்டர் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சில தினங்கள் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு கோப்பை போர்ட் மதுவும் இரண்டு பச்சை முட்டையும், அது இறங்குமுன் கடற்கரை மணலில் நீண்ட நடை, காலை ஆகாரம் ஓட்ஸ் கஞ்சியும் மீனும், பகலில் ஆட்டுத்தொடை, மாலையில் மறுபடி கஞ்சியும் ஆளுக்கொரு பெரிய கிண்ணம் பாலும், இரவு ஆறு ஆறு சிப்பி. உப்புக்காற்றில் நடந்து வந்து ஆட்டுத்தொடையின் எதிரே உட்கார்ந்த அந்த நெசவாளிகளில் எத்தனை பேருக்கு அதற்குமுன் ஒரு வாரம் முழுதும் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டு வேலையில்லாமல் இருந்த அனுபவம் வாய்த்திருக்கும்?

இந்தப் பயிற்சிதான் தென்னாட்டில் பெரிய ஆக்ஷேபணையைக் கிளப்பியது. பந்தயத்துக்காகவென்று முன்கூட்டிப் பழகுவது கனவான்களின் லக்ஷணம் அல்ல என்றும், தினக்கூலி வேலை செய்கிறவர்கள் இத்தனை நாள் ஆலையை விட்டு வந்திருப்பது எப்படிச் சாத்தியமாயிற்று என்றும் ஈட்டன் பள்ளியின் பத்திரிகை எழுதியது. கேள்வியின் இரண்டாவது பாதி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். யாரோ ஒருவர் செலவைத் தாங்கித்தான் அது சாத்தியமாயிற்று. ஆனால் ஈட்டன் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பள்ளி மைதானத்திலும் சர்வகலாசாலை மைதானத்திலும் பழகிய பழக்கத்தின் செலவை யார் தாங்கினார்கள் என்று அந்தப் பத்திரிகை தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரத்து ஓய்வை விலைக்கு வாங்கியதை அது கண்டது. ஓய்வைப் பிதுரார்ஜிதமாகப் பெற்றவர்களுக்கு அந்த ஓய்வு கண்ணில் படுவதில்லை.

இருபக்கத்துப் பெயர்ப் பட்டியலையும் தொழிலோடு வாசித்தால் இங்கிலாந்தின் சமூக சரித்திரமே கண்முன் நிற்கும். ஒலிம்பிக் கட்சியில் தலைவர் ஆல்பர்ட் வார்பர்ட்டன் குழாய் வேலைக்காரர். கோல் காத்த ஹாக்கிங் பல் வைத்தியரிடம் உதவியாள். டியூஹர்ஸ்ட், ஆஸ்ட்லி, முதலாளியல்லாத இன்னொரு யேட்ஸ் மூவரும் நெசவாளிகள்; காஸ்ட்லி நூல் நூற்பவர்; வார்டு பஞ்சாலை யந்திரத்தில் வேலை செய்தவர்; கிப்சன் வார்ப்படசாலைத் தொழிலாளி; மாத்யூஸ் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர்; வில்சன் குமாஸ்தா; ஹன்டரின் கடையை முன்பே சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் வங்கிக்காரரான கின்னெயர்டு. அவருக்குப் பின்னால் கோல் காத்த ராலின்சன், பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் உட்கார்ந்தவர். குட்ஹார்ட், எடின்பரோவில் லத்தீன் பேராசிரியராகப் போனவர். ஆர்தர் டன், பின்னால் சொந்தமாகப் பள்ளிக்கூடம் ஸ்தாபித்தவர்.

அன்றைய மைதானத்தை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. ஓவல் என்பது கிரிக்கெட் மைதானம். கால்பந்துக்கு இரவலாகக் கொடுத்தது. கோல் கம்பங்களின் மேல் கயிற்றுக்குப் பதிலாகக் குறுக்குக் கட்டைதான் இருக்கவேண்டும் என்பது 1882-இல்தான் தீர்மானமாயிற்று. பின்னால் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை வரும். பெனால்டி உதையும் கிடையாது. இவ்விரண்டும் 1891-இல் வந்தவை. கனவான்கள் வேண்டுமென்று குற்றம் செய்யமாட்டார்கள் என்பது விதி எழுதியவர்களின் நம்பிக்கை. கட்சிக்கொருவராக இரண்டு அம்பயர்கள்; அவர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் வாய்திறக்க வேண்டிய ரெபரி களத்துக்கு வெளியே நிற்பார். மாற்று ஆள் என்ற ஏற்பாடே இல்லை. அடிபட்டவன் வெளியேறினால் மீதிப்பேர் ஆடவேண்டியதுதான்.

சுமார் 8,000 பேர் கூடியிருந்தார்கள். அரைமணி நேரத்துக்கெல்லாம் குட்ஹார்ட் ஈட்டனுக்கு முதல் கோலைப் போட்டார். சென்ற வருஷத்துக் கதைதான் மறுபடியும் என்று லங்காஷயரிலிருந்து வந்திருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஈட்டன்காரர்களின் முறை, பந்து கிடைத்தவர் அதைக் காலிலேயே தட்டிக்கொண்டு எதிரிகளின் நடுவே புகுந்து ஓடுவது. மற்றவர் அவருக்குப் பின்னால் துணையாக வருவது. தேக வலிமையும் தனிமனித சாகசமும் அதற்கு வேண்டும். இரண்டும் அவர்களிடம் தாராளமாக இருந்தன. ஒலிம்பிக் முறை வேறு. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆரம்பித்து வைத்த கொடுத்து வாங்கும் ஆட்டத்தை ஹன்டர் இன்னும் அகலப்படுத்தியிருந்தார். இந்த ஓரத்திலிருப்பவர் மைதானத்தின் முழு அகலத்தையும் தாண்டி அந்த ஓரத்திலிருப்பவருக்கு நீளமாக உதைத்தனுப்புவார். மனிதன் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும் என்ற எளிய உண்மையின் மேல் கட்டிய ஆட்டம் அது. துரத்துகிறவர்கள் இந்த ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் பந்து அந்த ஓரத்தில் இருக்கும். முதல் பாதியில் இதன் பலன் தெரியாது. கால்கள் கனக்கிற இரண்டாம் பாதியில்தான் தெரியும்.

தெரிந்தது. இடைவேளைக்குப் பிறகு படச்சட்டக்காரரான மாத்யூஸ் சமப்படுத்தும் கோலைப் போட்டார். சற்று நேரத்தில் ஆர்தர் டன் பலமாக அடிபட்டுக் களத்தை விட்டு வெளியேற, ஈட்டன் கட்சி பத்துப் பேரானது. தொண்ணூறு நிமிஷமும் முடிந்தது, ஒன்றுக்கு ஒன்று. வேறொரு நாள் மறு ஆட்டம் வைப்பதாக இருந்தும், கூட்டத்தின் உற்சாகத்தைக் கண்டு மேலும் அரைமணி ஆடித் தீர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. நான்கு வருஷத்துக்கு முன் இதே மைதானத்தில் டார்வென்காரர்கள் கேட்டுக் கிடைக்காமல் போன அதே அரைமணி!

அந்த அரைமணியில் பிளாக்பூலில் தின்ற ஆட்டுத்தொடையும் நடந்த மணலும் கணக்குத் தீர்த்தன. ஈட்டன்காரரில் சிலருக்குக் கால் நரம்பு பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் பதினொருவர் இடத்தை நிரப்பி ஓடி ஓய்ந்துபோயிருந்தார்கள். நெசவாளி யேட்ஸ் ஓர் ஓரத்திலிருந்து பந்தை எதிர்ப்புறத்துக்கு அனுப்ப, நூற்பாளி காஸ்ட்லி அதை வாங்கி, பிற்காலப் பார்லிமெண்ட் அங்கத்தினரைத் தாண்டிக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். ஒன்றுக்கு இரண்டு. அதற்குமேல் கோல் விழவில்லை. தலைகீழாக யாரும் நிற்கவில்லை. கின்னெயர்டு ஆடிய கடைசி இறுதிப் பந்தயம் அதுவே.

கோப்பை வடக்கே புறப்பட்டது. பிளாக்பர்ன் ஸ்டேஷனில் வந்து இறங்கிய ஆட்டக்காரர்களைப் பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். தலைவர் வார்பர்ட்டன் தம் ஊர்க் கொச்சையில் பேசிய நாலு வார்த்தையை அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லுகிறார்கள். கோப்பைக்கு லங்காஷயரில் நல்ல வீடு கிடைத்திருக்கிறது, இனி அது லண்டனுக்குத் திரும்பிப் போகவே போகாது என்பது அதன் சாரம். ஜயித்த மயக்கத்தில் சொன்ன பேச்சு என்று தள்ளத்தக்கது, ஆனால் பலித்தது. அடுத்த மூன்று வருஷமும் அதைப் பெற்றது பிளாக்பர்ன் ரோவர்ஸ். அதன் பிறகு பர்மிங்காம் பக்கத்துக்கும் பிரஸ்டனுக்கும் நாட்டிங்காமுக்குமாக அது சுற்றியதே தவிர, லண்டன் கட்சி எதுவும் அந்தக் கோப்பையை ஜயித்துக்கொண்டு போகவில்லை. பெரிய பள்ளிகளின் பழைய மாணவர் கட்சி ஒன்றாவது அதற்குப் பிறகு இறுதிப் பந்தயம் வரைக்கும் எட்டிப்பார்க்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ள வேறு கோப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள்; அந்தக் கோப்பைக்கு வழங்குகிற பெயர், அன்று அடிபட்டு வெளியேறிய ஆர்தர் டன்னுடைய பெயர்.

பணம் ஒருமுறை வாசலைத் திறந்துகொண்டு வந்தபின் யாரும் அதை வெளியே நிறுத்த முடியவில்லை. 1884-இல் பிரஸ்டன் கட்சியின் நிர்வாகி, ஆம், எங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறோம், யார்தான் கொடுக்கவில்லை என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். போட்டியிலிருந்து அந்தக் கட்சி விலக்கப்பட்டது. வடக்கத்தியக் கட்சிகள் தனிச் சங்கம் காணுவோம் என்று பயமுறுத்தின. கடைசியில் 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் கூலிக்கு ஆடுவதை அங்கீகரித்தது. ஒலிம்பிக் கட்சிக்கு இது நல்ல காலம் பிறந்ததாகத்தானே இருக்கவேண்டும்? அதுதான் இல்லை. கூலி என்று வந்துவிட்டால் அதிகம் கொடுக்கிறவன் பக்கம் ஆள் போகும். ஒரே ஊரில் இரண்டு கட்சிகளில் ரோவர்ஸுக்குப் பெரிய மைதானமும் பெரிய மனுஷர்களும் அதிகக் கூட்டமும் இருந்தன. குன்றின் மேலிருந்த சாராயக் கடை மைதானத்துக்கு ஏறி வந்தவர்களின் சில்லறைக் காசு, வாராவாரம் பதினொரு பேருக்குக் கூலி கொடுக்கப் போதவில்லை. 1888-இல் பன்னிரண்டு கட்சிகளைச் சேர்த்து லீக் பந்தயம் ஆரம்பித்தபோது பிளாக்பர்னிலிருந்து இடம் கிடைத்தது ரோவர்ஸுக்கு. அடுத்த வருஷம், கோப்பை வாங்கி ஆறே வருஷத்தில், ஒலிம்பிக் கட்சி கலைந்தது. மைதானம் இருந்த இடத்தில் பின்னால் ஒரு கல்லூரி எழுந்தது.

கோப்பைக்கு அதைவிட ஆறு வருஷம் ஆயுள் அதிகம். 1895-இல் அதை ஜயித்த ஆஸ்டன் வில்லா கட்சி, ஜனங்கள் பார்த்துக் களிக்கட்டும் என்று பர்மிங்காமில் கால்பந்துச் செருப்புத் தைத்து விற்கும் ஒருவருடைய கடையின் கண்ணாடி ஜன்னலில் வைக்கக் கொடுத்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு யாரோ அதைக் களவாடிக்கொண்டு போய்விட்டார்கள். 10 பவுன் வெகுமதி அறிவித்தும் துப்புக் கிடைக்கவில்லை. வில்லா கட்சிக்குச் சங்கம் 25 பவுன் அபராதம் போட்டு, அந்தப் பணத்தில் புதுக் கோப்பை வார்த்தது. அந்தப் புதுக் கோப்பையைத்தான் 1901-இல் லண்டன் கட்சியான டாட்டன்ஹாம் ஜயித்தது. ஆகவே வார்பர்ட்டனின் வாக்கை அதுவும் பொய்யாக்கவில்லை. களவு நடந்து அறுபது வருஷத்துக்கு மேலாகி, 1958-இல், எண்பதைக் கடந்த ஒரு கிழவர் ஒரு பத்திரிகைக்காரரிடம், அதை எடுத்தவர்களில் தாமும் ஒருவர் என்றும், அன்றிரவே அதை உருக்கி இரண்டரை ஷில்லிங் கள்ள நாணயங்களாக வார்த்துவிட்டதாகவும் சொன்னார். அந்தக் காசுகளில் சிலவற்றை, வில்லா ஆட்டக்காரர் ஒருவர் நடத்திய சாராயக் கடையிலேயே கொடுத்து மாற்றிக்கொண்டதாகவும் அந்தக் கிழவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.